'இவன் வாப்பாவும் இப்படித்தான் இருந்தான்': அடங்காத பிள்ளைகளும் மரபணுவும்

உட்காருடா என்றால் இரண்டு நிமிடம் உட்கார மாட்டான். காலில் சக்கரம் கட்டிவிட்டது போல ஓடிக்கொண்டே இருப்பான். தண்ணீர் பாட்டில், பென்சில் டப்பா, ஒற்றைச் செருப்பு என்று வாரம் ஒன்றைத் தொலைத்துவிட்டு வருவான். ஆசிரியர் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவான், அதுவும் தப்பாக. பள்ளியிலிருந்து புகார், மதரஸாவிலிருந்து புகார், பக்கத்து வீட்டிலிருந்து புகார். எல்லாம் கடைசியில் வந்து இறங்குவது தாயின் தலையில்தான். "நீ கொடுக்கிற செல்லம்", "கையில் செல்போனைக் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்", "நாலு அடி போட்டால் சரியாகிவிடும்" என்று ஆளுக்கொரு தீர்ப்பு.

இந்தப் பேச்சுக்கு நடுவே மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி ஒரு வார்த்தை சொல்வார்: "இவன் வாப்பாவும் இந்த வயசில் இப்படித்தான் இருந்தான்." யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை. ஆனால் பல ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகு விஞ்ஞானிகள் வந்து நிற்பது ஏறக்குறைய அந்தப் பாட்டி சொன்ன இடத்தில்தான்.

மருத்துவர்கள் இதை ஏ.டி.எச்.டி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். கவனக் குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு என்று பொருள். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் நூறு குழந்தைகளில் சுமார் ஐந்து பேருக்கு இது இருக்கிறது. அதற்காகத் துறுதுறுப்பான பிள்ளைக்கெல்லாம் இந்தப் பெயரைச் சூட்டிவிட முடியாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு வரையறைப்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தென்பட வேண்டும். பிள்ளையின் படிப்பையோ பழக்கவழக்கத்தையோ பாதித்திருக்க வேண்டும். வீட்டில் மட்டும் ஆட்டம் போட்டுவிட்டு, பள்ளியிலும் மதரஸாவிலும் ஒழுங்காக இருக்கிற பிள்ளைக்கு வேறு காரணம் தேட வேண்டும். இன்னொரு வகையும் உண்டு. துறுதுறுப்பே இல்லாமல் கவனம் மட்டும் சிதறிப் போகும். பெண் குழந்தைகளிடம் இந்த வகையை அதிகம் பார்க்கலாம். அவர்கள் யாரையும் தொந்தரவு செய்வதில்லை என்பதால், "மந்தமான பிள்ளை" என்ற பெயரோடு பள்ளிப் படிப்பையே முடித்துவிடுகிறார்கள்.

செல்போனுக்கு முன்பே

இது இந்தக் காலத்து நோய் என்று பலர் நினைக்கிறார்கள். 1902ஆம் ஆண்டு லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், ராயல் மருத்துவர் கல்லூரியில் நிகழ்த்திய தொடர் சொற்பொழிவுகளில் இப்படிப்பட்ட குழந்தைகளை விவரித்தார். புத்தியில் குறைவில்லை, ஆனால் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியவில்லை; தண்டித்தாலும் சற்று நேரத்தில் அதே தவறைத் திரும்பச் செய்கிறார்கள் என்று அவர் பதிவு செய்தார். அன்றைக்குத் தொலைக்காட்சி கூட இல்லை. செல்போன் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்கும், இருக்கிற சிக்கலை இன்னும் மோசமாக்கும், மறுக்கவில்லை. ஆனால் வேரை அங்கே தேடினால் கிடைக்காது.

அப்படியானால் வேர் எங்கே? இதற்கு விடை தேட விஞ்ஞானிகள் இரட்டைக் குழந்தைகளிடம் போனார்கள். இரட்டையரில் இரண்டு வகை உண்டு. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்களுக்கு மரபணு ஏறத்தாழ முழுக்க ஒன்றே. இரண்டு தனித்தனிக் கருவிலிருந்து பிறந்தவர்கள், சாதாரண அண்ணன் தம்பியைப் போலச் சராசரியாகப் பாதி மரபணுவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இரு வகையினரும் ஒரே வயிற்றில் ஒரே நேரத்தில் இருந்தவர்கள், ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்று வளர்பவர்கள். ஏ.டி.எச்.டி. வளர்ப்பினால் மட்டும் வருவதென்றால் இரண்டு வகை இரட்டையரிடமும் ஒற்றுமை ஒரே அளவில் இருக்க வேண்டும். அப்படி இல்லை. ஒரே கருவில் பிறந்தவர்களிடம் ஒற்றுமை மிக அதிகம். இப்படிப்பட்ட 37 ஆய்வுகளின் சராசரியை எடுத்தபோது மரபின் பங்கு 74 சதவீதம் என்று கணக்கு வந்தது. தத்துப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் கை காட்டின. வளர்த்த பெற்றோரைவிடப் பெற்ற தாய் தந்தையரிடம்தான் இந்தக் கோளாறு அதிகம் தென்பட்டது.

74 சதவீதம் என்பதைத் தப்பாகப் புரிந்துகொள்வது எளிது. ஒரு பிள்ளையின் கோளாறில் முக்கால் பங்கு மரபணு, கால் பங்கு வளர்ப்பு என்று அது சொல்லவில்லை. ஒரு சமுதாயத்தில் பிள்ளைக்குப் பிள்ளை இருக்கிற வித்தியாசத்தில் எவ்வளவு மரபணு வித்தியாசத்தோடு சேர்ந்து வருகிறது என்பதே அந்த எண். உயரத்தைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். உயரத்தில் மரபின் பங்கு ஏறத்தாழ 80 சதவீதம். ஆனாலும் தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஒரே நூற்றாண்டில் 20 சென்டிமீட்டர் கூடியது. மரபணு மாறவில்லை, சாப்பாடும் சுகாதாரமும் மாறின.

கார்டிஃப் ஆய்வு சொன்னதும், செய்திகள் சொன்னதும்

இரட்டையர் கணக்கு எவ்வளவு பலமாக இருந்தாலும், "மரபணுவில் எங்கே? காட்டுங்கள்" என்ற கேள்வி நின்றுகொண்டே இருந்தது. அந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொன்ன முதல் ஆய்வுகளில் ஒன்று பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள கார்டிஃப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. பேராசிரியர் அனிதா தாப்பர் குழுவினரின் அந்த ஆய்வு 2010 செப்டம்பர் இறுதியில் 'லான்செட்' மருத்துவ இதழின் இணையப் பதிப்பில் வெளியானது.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கும் டி.என்.ஏ.வை ஒரு பெரிய புத்தகம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட புத்தகம். அச்சடிக்கும்போது சில சமயம் ஒரு பத்தி விடுபட்டுப் போகும், சில சமயம் ஒரே பத்தி இரண்டு முறை அச்சாகிவிடும். இப்படிப்பட்ட சிறு பிழைகள் நம் எல்லோரிடமும் இருக்கின்றன, பெரும்பாலானவற்றால் ஒரு தொல்லையும் இல்லை. கார்டிஃப் குழுவினர் தேடியது பெரிய பிழைகளை. ஐந்து லட்சம் எழுத்துகளுக்கு மேல் விடுபட்டதோ இரட்டித்ததோ, அதுவும் மக்களிடம் அரிதாகக் காணப்படுவது மட்டும். ஏ.டி.எச்.டி. உள்ள 366 பிள்ளைகளிடம் அப்படிப்பட்ட 57 பிழைகள் கிடைத்தன. ஒப்பிட எடுத்துக்கொண்ட 1,047 பேரிடம் 78. நூற்றுக்கு என்று பார்த்தால், முதல் கூட்டத்தில் சுமார் 16, மற்றதில் 7 அல்லது 8. இரண்டு மடங்கு. 16ஆம் குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட இடம் இரட்டித்திருப்பது திரும்பத் திரும்பத் தென்பட்டது. ஐஸ்லாந்து நாட்டு நோயாளிகளிடமும் அதைச் சரிபார்த்தார்கள். ஆட்டிசம், மனச்சிதைவு நோய் ஆகியவற்றோடு தொடர்புடைய இடங்களோடும் இந்தப் பிழைகள் ஒத்துப்போயின.

மறுநாள் உலகப் பத்திரிகைகள் "ஏ.டி.எச்.டி. மரபணு நோய் என்பதற்கு முதல் நேரடி ஆதாரம்" என்று எழுதின. மோசமான வளர்ப்பு, மோசமான உணவு என்று இனி யாரும் ஒதுக்கித் தள்ள முடியாது என்று தாப்பரும் சொன்னார். பல தாய்மார்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் உடனே எதிர்ப்பும் கிளம்பியது. நூற்றில் 16தான் என்றால், மீதி 84 பேருக்கு என்ன பதில் என்று விமர்சகர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. மேலும், அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்திருந்த பிள்ளைகளிடம்தான் இந்தப் பிழைகள் மிக அதிகம், நூற்றுக்கு 42. அந்தக் குறைபாடு இல்லாதவர்களிடம் நூற்றுக்கு 12 அல்லது 13. அதுவும் சாதாரண அளவைவிட அதிகம்தான், ஆனால் பத்திரிகைத் தலைப்பு காட்டிய அளவுக்கு அல்ல. என் கருத்தில், ஆய்வு சரி. அறிவித்த விதத்தில்தான் கொஞ்சம் அவசரம். ஒரு சிலருக்கு ஒரு பெரிய காரணம் கிடைத்தது என்று சொல்லியிருந்தால் போதும்.

மீதிப் பேருக்கான பதிலும் பிறகு வரத் தொடங்கியது. 1990களில் மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளோடு தொடர்புடைய ஓரிரு மரபணுக்களைப் பிடித்துக்கொண்டு விஞ்ஞானிகள் தேடினார்கள். பெரிதாக எதுவும் சிக்கவில்லை. பிறகு வழியை மாற்றி, பல நாட்டு ஆய்வாளர்கள் ஒன்றுசேர்ந்து, பல்லாயிரம் பேரின் டி.என்.ஏ.வை முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். 20,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 12 இடங்களைக் காட்டியது. 2023இல் 38,691 நோயாளிகளையும் 1,86,843 மற்றவர்களையும் வைத்துச் செய்தபோது அது 27 இடங்களாக உயர்ந்தது. ஒவ்வொன்றின் பாதிப்பும் மிகச் சிறியது. உண்மையில் பங்கு வகிக்கிற சிறு மாற்றங்கள் ஏழாயிரத்துக்கும் மேல் இருக்கும் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது.

ஆக, 'ஏ.டி.எச்.டி. மரபணு' என்று ஒன்று தனியாக இல்லை. ஆயிரக்கணக்கான சிறு மாற்றங்கள், அவற்றில் பெரும்பாலானவை நல்ல அமைதியான பிள்ளைகளிடமும் இருப்பவை. ஒருவருக்கு அவை கொஞ்சம் குறைவு, இன்னொருவருக்குக் கொஞ்சம் அதிகம். இரத்த அழுத்தம் மாதிரி. எல்லோருக்கும் அது உண்டு, ஒரு அளவைத் தாண்டும்போதுதான் நோய் என்கிறோம். எங்கள் வம்சத்தில் இல்லை, அவர்கள் வழியில் வந்தது என்று சம்பந்தி வீட்டைக் கை காட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்வதுதான் இது. சொந்தத்தில் திருமணம் செய்ததால் வந்தது என்ற பேச்சும் அடிபடுகிறது. உறவுத் திருமணத்தால் ஆபத்து கூடுவது, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான ஒரே மரபணு வந்து சேரும்போது உண்டாகும் தலசீமியா போன்ற நோய்களுக்கு. ஏ.டி.எச்.டி. பெரும்பாலும் பரம்பரையில் வரும் விதம் வேறு.

தாய் என்ன தவறு செய்தாள்?

கர்ப்ப காலத்தில் நான் என்ன செய்தேன் என்று ஒவ்வொரு தாயும் தனக்குள் கேட்டுக்கொள்கிறாள். குறைமாதப் பிரசவம், பிறக்கும்போது எடைக் குறைவு, சிறு வயதில் ஈய நஞ்சு உடம்பில் சேர்வது ஆகியவை ஏ.டி.எச்.டி.யோடு தொடர்புடையவை என்பது உண்மை. ஆனால் "தொடர்பு" என்பதெல்லாம் காரணமாகிவிடாது. இதைக் கார்டிஃப் குழுவினரே 2009இல் அழகாகக் காட்டினார்கள். கர்ப்பிணி புகைபிடித்தால் பிள்ளைக்கு இது வரும் என்று அதுவரை நம்பப்பட்டது. செயற்கைக் கருத்தரிப்பில் பிறந்த குழந்தைகளில் சிலர் சுமந்த தாயின் கருமுட்டையிலிருந்து வந்தவர்கள், சிலர் வேறொரு பெண் கொடுத்த முட்டையிலிருந்து வந்தவர்கள். புகைதான் காரணமென்றால் இருவரும் ஒரே மாதிரி பாதிக்கப்பட வேண்டும். ஆனால் சொந்தக் கருமுட்டையில் பிறந்த பிள்ளைகளிடம்தான் அந்தத் தொடர்பு தெரிந்தது. புகையும் துறுதுறுப்பும் ஒரே மரபின் இரு முகங்களாக இருக்கலாம் என்று அதிலிருந்து புரிந்தது. புகையினால் குழந்தையின் எடை குறைவது போன்ற மற்றக் கேடுகள் அப்படியேதான் இருக்கின்றன, அதில் சந்தேகம் வேண்டாம்.

நம் வீடுகளுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பாராசிட்டமால் மாத்திரை. கர்ப்பத்தில் காய்ச்சலுக்கு அதைப் போட்டுக்கொண்டதால்தானோ என்று பயப்படும் பெண்கள் உண்டு. ஸ்வீடனில் சுமார் 25 லட்சம் குழந்தைகளின் பதிவேடுகளைப் பார்த்த ஆய்வு 2024இல் வெளியானது. ஒரே தாயின் பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டபோது, அந்த மாத்திரைக்கும் ஏ.டி.எச்.டி.க்கும் தொடர்பு காணப்படவில்லை.

சர்க்கரை, மிட்டாய் பற்றிய நம்பிக்கையும் பலமானது. 1994இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை சிரிப்பையே வரவழைக்கும். சிறுவர்களுக்குச் சர்க்கரையே இல்லாத பானத்தைக் கொடுத்தார்கள். பாதித் தாய்மார்களிடம் மட்டும் "நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்று சொன்னார்கள். அந்தத் தாய்மார்கள் தங்கள் பிள்ளை வழக்கத்தைவிட அதிகமாக ஆடுகிறான் என்று சொன்னார்கள், பிள்ளையை அதிகமாகக் கண்டிக்கவும் செய்தார்கள்.

வளர்ப்பு பற்றிச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தப் பிள்ளைகளின் வீடுகளில் சத்தமும் அதட்டலும் அதிகம் என்பது கண்கூடு. அதைப் பார்த்துவிட்டு, அதட்டலால்தான் பிள்ளை இப்படி ஆனான் என்று சொல்பவர்கள் உண்டு. ரஸ்ஸல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இல் வெளியிட்ட ஆய்வில் பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்துவிட்டுத் தாய்மார்களைக் கவனித்தார். பிள்ளை அடங்கியதும் தாயின் அதட்டலும் குறைந்தது. தாய்க்கு யாரும் மருந்து கொடுக்கவில்லை! பிள்ளையின் நடத்தைதான் தாயின் குரலை உயர்த்துகிறது. ஆனால் அந்தக் குரல் பிறகு பிள்ளையை இன்னும் மோசமாக்கும் என்பதும் உண்மை. பிறந்தவுடன் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளை வைத்து 2013இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. பெற்ற தாயிடமிருந்து மரபில் வந்த அவசர குணம் வளர்த்த தாயின் கோபத்தைத் தூண்டியது, அந்தக் கோபம் பிள்ளையின் அறிகுறிகளைக் கூட்டியது. அடித்துத் திருத்தலாம் என்பவர்கள் இந்த வட்டத்தைத்தான் இன்னும் வேகமாகச் சுழற்றுகிறார்கள்.

பரம்பரை என்றால் மாறாது என்று அர்த்தமா?

கிட்டப்பார்வையும் குடும்பத்தில் வருவதுதான். அதற்காகப் பிள்ளைக்குக் கண்ணாடி போடாமல் யாரும் விடுவதில்லை. ஏ.டி.எச்.டி.யிலும் காலம் கொஞ்சம் உதவி செய்கிறது. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் பிலிப் ஷா குழுவினர் ஏ.டி.எச்.டி. உள்ள 223 பிள்ளைகளையும் அதே எண்ணிக்கையில் மற்றப் பிள்ளைகளையும் ஸ்கேன் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், மூளையின் மேற்புறணி முதிர்ச்சியில் ஒரு கட்டத்தை மற்றவர்கள் ஏழரை வயதில் எட்டினால் இவர்கள் பத்தரை வயதில் எட்டினார்கள். மூன்று வருடத் தாமதம், ஆனால் வளர்ச்சியின் வரிசை அதேதான். வயது கூடக்கூட ஓட்டமும் குதிப்பும் பலருக்குக் குறைந்துவிடும். மறதியும் ஒழுங்கின்மையும் பெரியவரான பிறகும் பலரிடம் மிச்சம் இருக்கும்.

மரபணு பற்றி இவ்வளவு தெரிந்த பிறகும், இரத்தம் எடுத்தோ எச்சில் எடுத்தோ ஏ.டி.எச்.டி.யைக் கண்டுபிடிக்கும் சோதனை எதுவும் இல்லை. இணையத்தில் விற்கும் மரபணுச் சோதனைப் பெட்டிகளை நம்பிக் காசைக் கரைக்க வேண்டாம். 2023 ஆய்வில் இருந்தவர்கள் எல்லோரும் ஐரோப்பிய வம்சாவளியினர். அதிலிருந்து எடுத்த மதிப்பெண்ணை நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பது இன்னொரு சிக்கல்.

அவசரப்பட்டு முத்திரை குத்துவதிலும் ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவில் செப்டம்பர் முதல் தேதியை வைத்துப் பள்ளிச் சேர்க்கை நடக்கும் மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்து வகுப்பிலேயே சிறியவர்களாக இருந்த பிள்ளைகளுக்கு, செப்டம்பரில் பிறந்தவர்களைவிட 34 சதவீதம் அதிகமாக ஏ.டி.எச்.டி. என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். 2018இல் வெளியான கணக்கு இது. ஒரு மாத வித்தியாசத்தில் மரபணு மாறாது. ஒரு வயது சின்னப் பிள்ளையைப் பெரிய பிள்ளைகளோடு உட்கார வைத்து ஒப்பிட்டதன் விளைவு. மூன்று வயதாகும் முன்பே பள்ளியில் தள்ளிவிட்டு, உட்கார மாட்டேன் என்கிறான் என்று குறைப்படும் பெற்றோர் முதலில் பிள்ளையின் வயதைப் பார்க்க வேண்டும்.

உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் போக வேண்டியது குழந்தை மருத்துவரிடம் அல்லது மனநல மருத்துவரிடம். காதும் கண்ணும் சரியாக இருக்கிறதா, தூக்கம் போதுமா, வலிப்பு ஏதும் உண்டா, எழுத்துக் கற்றலில் குறைபாடு இருக்கிறதா என்று அவர் முதலில் பார்ப்பார். பள்ளி ஆசிரியரிடமும் விவரம் கேட்பார். பள்ளி செல்லும் முன் வயதுக் குழந்தைகளுக்கு மருந்துக்கு முன்னால் பெற்றோருக்கான பயிற்சியைத்தான் தொடங்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டல். சுருக்கமான ஒரே கட்டளை, உடனடிப் பாராட்டு, மாறாத தினசரி ஒழுங்கு என்று சின்னச் சின்ன விஷயங்கள்தான் அந்தப் பயிற்சியில் இருக்கும். ஆறு வயதுக்கு மேல் தேவைப்பட்டால் மீதைல்ஃபெனிடேட் போன்ற மருந்துகளைத் தருவார்கள். பசி குறைவது, தூக்கம் தள்ளிப்போவது போன்ற பக்க விளைவுகள் இருப்பதால் எடையையும் உயரத்தையும் மருத்துவர் தொடர்ந்து குறித்துவர வேண்டும். தூக்க மாத்திரை கொடுத்து மயக்கி வைக்கிறார்கள் என்ற பயம் தேவையில்லை, இது தூங்க வைக்கும் மருந்தே அல்ல.

மருத்துவர் கேட்கும் கேள்விகளில் "உங்கள் சின்ன வயதில் நீங்கள் எப்படி இருந்தீர்கள்?" என்பதும் இருக்கும். பல தந்தையர் அதற்குச் சிரித்து மழுப்பிவிடுகிறார்கள். மழுப்பாமல் சொல்ல வேண்டும். இந்தக் கோளாறு உள்ளவரின் பெற்றோருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் அது இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஐந்து முதல் பத்து மடங்கு அதிகம். பிரிட்டனில் 2002இல் வெளியான ஒரு ஆய்வில், தனக்கே ஏ.டி.எச்.டி. அறிகுறிகள் அதிகமாக இருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்குப் பெற்றோர் பயிற்சியால் முன்னேற்றம் கிடைக்கவில்லை. சொன்னதை மறக்காமல், பொறுமையாக, தினமும் ஒரே மாதிரி செய்வதுதான் பயிற்சியின் உயிர். அதே விஷயம்தான் அவர்களுக்கு முடியாததும். அப்படிப்பட்ட வீடுகளில் பெற்றோர் பயிற்சி மட்டும் போதாமல் போகலாம் என்பதால், சில மருத்துவர்கள் தாயையோ தந்தையையோ சேர்த்துப் பரிசோதித்து, தேவைப்பட்டால் அவர்களுக்கும் சிகிச்சை தருகிறார்கள். நாற்பது வயதில், பிள்ளைக்காக வந்த இடத்தில், தன் பள்ளிக்கால அடிகளுக்கெல்லாம் காரணம் என்ன என்று முதல் முறையாகத் தெரிந்துகொள்ளும் வாப்பாக்களும் இருக்கிறார்கள்.